ஆலங்கட்டி மழையும் ஒரு சீர் மெத்தையும்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு சித்திரை மாதம். அப்போது நாங்கள் அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய மண்ணூர்பேட்டையில், ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். நாங்கள் என்றால் நான், என் கணவர், என் அப்பா. என் கணவருக்கு எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. சொந்த ஊர் விருதுநகர் பக்கம். அம்மா இறந்த பிறகு அப்பாவைத் தனியாக விட மனசில்லாமல், மல்லுக்கட்டித்தான் அவரைச் சென்னைக்குக் கூட்டி வந்தேன்.

அப்பா ஊரில் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சுக்கு ஆள் இல்லாவிட்டால் சோறு இறங்காத மனிதர். இங்கே வந்ததும் அவருக்கு மிஞ்சியது எங்கள் பால்கனியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்தான். மூட்டு வலியால் படி இறங்க மாட்டார். விடிந்ததும் பல் தேய்த்துவிட்டு பால்கனியில் போய் உட்கார்ந்துகொள்வார். நான் அந்நேரம் அடுப்படியில் கணவருக்கு டிபன் கட்டிக்கொண்டிருப்பேன். எப்போதாவது எட்டிப் பார்த்தால் வலது கையை மேலே தூக்குவார், இறக்குவார், உள்ளங்கையைக் கீழே கவிழ்த்துக் காற்றை அமுக்குவது மாதிரி எதையோ செய்வார். தோள்பட்டை பிடித்துக்கொண்டதற்கு டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சி என்று நினைத்துக்கொள்வேன். மனுஷன் சொன்ன பேச்சைக் கேட்கிறாரே என்று எனக்கு ஒரு திருப்தி.

எதிர்வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுபவர். அவர் மனைவிக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். அந்த அம்மா தெருக்குழாயில் பேசினால் எங்கள் வீட்டுச் சமையலறையில் கேட்கும். அவர்களுக்கு ஒரே பெண். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் காலையில் எங்கள் தெருமுனையில் வந்து நின்று அவளை ஏற்றிக்கொண்டு போகும். எங்களுக்கும் அவர்களுக்கும் பெரிய பழக்கம் கிடையாது. வாசலில் பார்த்தால் சிரிப்போம், தண்ணீர் லாரி வந்தால் குரல் கொடுப்போம், அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்கு அந்த வாரக் கடைசியில் கல்யாணம். வாசலில் பந்தக்கால் நட்டு, வீட்டுக்கு வெள்ளை அடித்து, முன்பக்கம் முழுக்கச் சீரியல் பல்பு கட்டியிருந்தார்கள். பெண்ணுக்கு நலங்கும் வைத்தாகிவிட்டது. நலங்கு வைத்த பெண் வாசற்படி தாண்டக் கூடாது என்பதால் அவள் வேலைக்குப் போகவில்லை, வீட்டுக்குள்ளேயே இருந்தாள். ஒலிபெருக்கியில் காலையிலேயே பாட்டு ஆரம்பித்துவிடும்.

அப்படி ஒரு காலையில்தான் அப்பா போய்ச் சேர்ந்தார். காபி கொண்டுபோய்க் கொடுக்கிறேன், வாங்கக் கை நீளவில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் ஓடி வந்து பார்த்துவிட்டு என் தலையைத் தொட்டு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். நான் அலறிய சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்க வேண்டும், பாட்டு பாதியில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர்கள் பாட்டுப் போடவில்லை.

என் தங்கை பெங்களூரில் இருக்கிறாள். அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பெண்கள்தான், அதில் அவள் செல்லம். விஷயத்தைச் சொன்னதும் போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "அக்கா, நான் வந்து அப்பா முகத்தைப் பார்க்கணும். அதுவரைக்கும் எதுவும் பண்ணிடாதீங்க." ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து சேர விடிந்துவிடும். அதனால் மறுநாள் காலையில் எடுப்பது என்று முடிவு செய்து, ஐஸ் பெட்டிக்குச் சொன்னோம்.

எங்கள் மாடிப்படி குறுகல். நடுவில் ஒரு திருப்பம் வேறு. ஐஸ் பெட்டி ஏறாது என்று பெட்டிக்காரர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார். கீழ்த்தளத்தைத் துணிக் கம்பெனி ஒன்று குடோனாக வைத்திருந்தது, ஷட்டரைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் தெருவிலேயே சாமியானா போட்டு, பால்கனியிலிருந்து ஒயர் இறக்கி, அப்பாவைப் பெட்டியில் வைத்தோம்.

என் கணவர் ஊர் ஞாபகத்தில் ஒரு லோடு நாற்காலி சொல்லிவிட்டார். ஊரில் ஒரு சாவு என்றால் நாற்காலி பற்றாது. இங்கே தெருக்காரர்கள் வந்தார்கள், கைகூப்பினார்கள், கொஞ்ச நேரம் நின்றார்கள், வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கு அப்பாவை யாரென்றே தெரியாது. எதிர்வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. கல்யாண வீடு, வரக் கூடாது, அதுவும் தெரிந்த விஷயம்தான். மதியத்துக்கு மேல் அத்தனை நாற்காலியும் காலியாக வெயிலில் கிடந்தன. எனக்கு அழுகை அப்பா செத்ததற்கு மட்டும் வரவில்லை. ஊரே கூடி அனுப்ப வேண்டிய மனுஷனை, ஒருத்தரையும் தெரியாத ஊருக்கு இழுத்து வந்து இப்படித் தெருவில் படுக்க வைத்துவிட்டேனே என்று வந்தது.

அன்றைக்கு வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஒரு இலை அசையவில்லை. சாயங்காலம் நெருங்கும்போது மேற்கே, ஆவடி பக்கம், வானம் கறுக்க ஆரம்பித்தது. கோடை மழைதானே, நாலு தூறல் போட்டுவிட்டுப் போகும், சூடாவது தணியட்டும் என்று நினைத்தோம். தங்கையிடமிருந்து போன் வந்தது. பஸ் ஸ்ரீபெரும்புதூர் தாண்டிவிட்டது, சீக்கிரம் வந்துவிடுவேன் என்றாள். எனக்கு மூச்சு வந்தது.

முதலில் வந்தது மழை அல்ல, காற்று. அதற்கு முன்னால் தெரு ஒரு நிமிஷம் மஞ்சளாக மாறிய மாதிரி இருந்தது. பிறகு காற்று எங்கிருந்தோ மண்ணையும் குப்பையையும் வாரிக்கொண்டு வந்து முகத்தில் அடித்தது. நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டு தெருக்கோடிக்கு ஓடின. யார் வீட்டுத் தகரமோ எங்கள் தலைக்கு மேலே பறந்து போய் மின்கம்பத்தில் மோதியது. மின்சாரம் போய்விட்டது. ஐஸ் பெட்டியின் உறுமல் நின்றதை அந்தக் காற்றிலும் நான் உணர்ந்தேன். என் கணவர் சாமியானாவின் ஒரு கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். கம்பு அவரையும் இழுத்துக்கொண்டு நாலடி போனது. அப்புறம் கயிறு அறுந்து, சாமியானா கிழிந்து அப்படியே போய்விட்டது. அப்பாவுக்கு மேலே வானம் மட்டும்தான் இருந்தது.

அப்போதுதான் ஆலங்கட்டி விழுந்தது. முதலில் சுண்டைக்காய் அளவு, பிறகு பெருநெல்லிக்காய் அளவு. நான் சென்னையில் அதற்கு முன்னால் ஆலங்கட்டி மழையைப் பார்த்ததே இல்லை. குடோன் ஷட்டரில் அது மோதிய சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. ஐஸ் பெட்டியின் மேல்மூடி கண்ணாடி. அதன்மேல் ஒவ்வொரு கட்டியாக விழுந்து தெறித்தது. கண்ணாடி உடைந்தால் நேரே அப்பாவின் முகம். அந்த முகத்தைப் பார்க்கத்தான் என் தங்கை வந்துகொண்டிருக்கிறாள்.

நான் போய்ப் பெட்டிமேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. முதுகிலும் பின்மண்டையிலும் கல் கல்லாக விழுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா, நெற்றியில் திருநீறோடு, எதுவும் தெரியாமல் தூங்குகிறார். என் கணவர் பக்கத்தில் வந்து கால்மாட்டை மறைக்கப் பார்த்தார். நெற்றியில் ஒரு கட்டி பட்டு ரத்தம் வந்தது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்றால் எங்கே போவது? தெரு முழுக்க எல்லாக் கதவும் அடைத்திருந்தது. யாராவது வாருங்கள் என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. தலையில் ஒரு பெரிய அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டு யாரோ ஓடி வருவது தெரிந்தது. முகமெல்லாம் மஞ்சள், கையெல்லாம் மருதாணி. கல்யாணப் பெண். ஒரு கையால் அன்னக்கூடையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் எதையோ தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். அது ஒரு மெத்தை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புது மெத்தை. அவளுக்குச் சீராகக் கொடுக்க வாங்கி வைத்திருந்தது. பின்னாலேயே வாசற்படியில் நின்று அவள் அம்மா கத்துகிறார். "ஏய், நலங்கு வெச்ச பொண்ணுடி நீ, வெளிய போவாதடி."

அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "அக்கா, நீ நவுரு" என்று என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டு மெத்தையைத் தூக்கிக் கண்ணாடிமேல் போட்டாள். சீர் மெத்தையைப் பிணத்தின் மேல் போடுகிறாளே என்று என் நெஞ்சு திக்கென்றது. அதேசமயம், ஆலங்கட்டி மெத்தையில் பொத் பொத்தென்று விழுந்து அடங்குவதைக் கேட்டதும் உயிர் திரும்பி வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதற்குள் அவள் அப்பாவும், கல்யாணத்துக்காக வந்து தங்கியிருந்த தாய்மாமனும் வெளியே வந்துவிட்டார்கள். "எங்க ஊட்டாண்ட தள்ளிக்கினு வாங்க" என்று அந்தப் பெண் என் கணவரிடம் சொல்ல, தாய்மாமன் குறுக்கே நின்றுவிட்டார். திடகாத்திரமான ஆள். மழைத் தண்ணீர் முகத்தில் வழிய, "இன்னா பண்றீங்க? பந்தக்கால் நட்ட ஊடு இது. பொணத்த உள்ள ஏத்துவீங்களா? நாளைக்கு இந்தப் பொண்ணுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே கிடையாது. என் வீட்டுக் கல்யாணமாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். "வேண்டாம்மா, நீங்க உள்ள போங்க, மெத்தை போட்டதே போதும்" என்று நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் என் கையை விலக்கிவிட்டு மாமாவைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. "கல்யாணம் எனக்குத்தான மாமா? எனக்கு ஒண்ணும் ஆவாது. மழைல கடக்கறாரு பெரியவரு. நீ அந்தப் பக்கம் புடி."

தாய்மாமன் தன் அக்காவைப் பார்த்தார். வாசற்படியில் நின்ற அந்த அம்மா, மகளை வெளியே போகாதே என்று கத்திய அதே அம்மா, ஒரு நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நிமிஷம் நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்ல? இப்படி ஒரு காரியத்துக்கு எப்படிச் சம்மதிப்பார் என்று ஒருபக்கம், சம்மதித்துவிட வேண்டுமே என்று ஒருபக்கம். அந்த அம்மா உள்ளே திரும்பி, கூடத்தில் அடுக்கியிருந்த சீர்ப் பாத்திரங்களைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு வந்தார். "இன்னாடா நின்னுக்கினு கீற? பொண்ணு சொல்லுதுல்ல, தூக்கு" என்று தம்பியை ஒரு அதட்டு அதட்டினார். தாய்மாமன் அந்தப் பக்கம் பிடித்தார். மெத்தையோடு சேர்த்துப் பெட்டியைத் தூக்கி, பந்தக்காலைத் தாண்டி, மாவிலைத் தோரணத்துக்குக் கீழே குனிந்து, புதிதாகச் செம்மண் கோலம் போட்ட கூடத்தில் என் அப்பாவைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

மெத்தையை எடுத்துப் பார்த்தோம். கண்ணாடியில் ஒரு ஓரத்தில் மட்டும் மெல்லிய விரிசல். அப்பாவின் முகத்துக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கூடத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நான் அழுத அழுகையை அதற்குமுன் அழுதது இல்லை. எதிர்வீட்டு அம்மா தன் மகளுக்கு வாங்கி வைத்திருந்த புதுத் துண்டு ஒன்றை எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டார். "அழுவாத கண்ணு, மண்டைல எங்கனா பட்டுச்சா?" என்று மயிரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். அந்தக் குரலை அவ்வளவு மெதுவாக அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

ஆலங்கட்டி கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. தெருவெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள், ஒடிந்த வேப்பங்கிளைகள். மின்சாரம் வருவதற்கு அறிகுறியே இல்லை, கம்பமே சாய்ந்து கிடந்தது. பெட்டிக்காரருக்குப் போன் போட்டால், மூடியைத் திறக்காமல் இருந்தால் கொஞ்ச நேரம் தாங்கும், வெயில் அடித்த நாள், ராத்திரி முழுக்கத் தாங்காது என்றார். தங்கையிடமிருந்து போன். நசரத்பேட்டை கிட்ட ரோட்டில் பெரிய விளம்பரப் பலகை சாய்ந்து எல்லா வண்டியும் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று தெரியாது என்று அழுதாள். அப்பாவுக்கு மழையில் என்ன ஆயிற்று என்று அவளிடம் நான் சொல்லவில்லை. "மெதுவா வா, அப்பா பத்திரமா இருக்கார்" என்றேன்.

நான் போனில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு மழையோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனார். கல்யாணத்துக்காக ஜெனரேட்டர் சொல்லி வைத்திருந்தார்களாம், மறுநாள் வர வேண்டியது. சவுண்ட் சர்வீஸ்காரரை வீட்டில் போய்ப் பிடித்து, குட்டி யானை வேனில் ஏற்றி அப்போதே கொண்டுவந்துவிட்டார். சாவுக்கு என்றால் தர மாட்டார் என்று, ஒரு நாள் முன்னாடி வேண்டும் என்று மட்டும் சொன்னாராம். இதைச் சொல்லும்போது அந்த மனுஷன் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு. அந்தத் துக்கத்திலும் என் கணவர் சிரித்துவிட்டார்.

ஜெனரேட்டரை ஓட்டினார்கள். ஐஸ் பெட்டி உறுமியது. கூடவே வீட்டின் முன்பக்கம் கட்டியிருந்த சீரியல் பல்பெல்லாம் சிவப்பும் பச்சையும் நீலமுமாக எரிய ஆரம்பித்துவிட்டது, எல்லாம் ஒரே இணைப்பு போல. உள்ளே இருந்த எங்களில் யாருக்கும் அதைக் கவனிக்கத் தோன்றவில்லை.

நன்றாக இருட்டிய பிறகுதான் என் தங்கை வந்தாள். பாதி வழி நடந்து, மீதி வழி ஒரு ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறாள். மண்ணூர்பேட்டை முழுக்க இருட்டு, எந்தத் தெரு என்றே தெரியவில்லை, ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறதே, வழி கேட்கலாம் என்று வந்தாளாம். கல்யாண வீடு என்று நினைத்துச் செருப்பைக்கூட வாசலுக்கு வெளியே கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தவள், உள்ளே என்னைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

கண்ணாடிமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். வெளியே எரிந்த சிவப்பும் பச்சையும் ஜன்னல் வழியாக வந்து அப்பாவின் முகத்தில் மாறி மாறி விழுந்தது. "அப்பா நல்லாத்தான் இருக்கார் இல்லக்கா" என்றாள். நல்லாத்தான் இருக்கார் என்றேன். எனக்கு அது போதும்.

விடிந்து, ஊரிலிருந்து வேன் வந்தது. வந்த பெரியவர்கள் பந்தக்காலையும் தோரணத்தையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்து, செய்ய வேண்டியதைச் செய்து அப்பாவை அனுப்பிவைத்தோம். எதிர்வீட்டு அம்மா தன் கூடத்தைக் கழுவிவிட்டு, செம்மண் கோலத்தை மறுபடி போட்டார். மெத்தைக்குப் பதில் புது மெத்தை வாங்கித் தருகிறோம் என்று என் கணவர் போய்க் கேட்டதற்கு, "கவருக்கு மேல தான சார் கல்லு வியுந்துச்சு, உள்ள ஒண்ணும் ஆவல" என்று அந்தப் பெண் முடித்துவிட்டாள். மாப்பிள்ளையிடம் அவளே மழை பெய்த அன்று ராத்திரியே போனில் சொல்லிவிட்டாளாம். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "உனக்கு அடி எதுனா பட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாராம். அதைக் கேட்ட பிறகுதான் என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், பெண்ணை மண்டபத்துக்கு அழைத்துப் போக வாசலில் கார் வந்து நின்றது. நான் துக்க வீட்டுக்காரி. கிளம்பும் பெண்ணின் கண்ணில் படக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு, தங்கையோடு உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். மேளச் சத்தம் கேட்டது, நின்றது. ரொம்ப நேரமாகியும் கார் கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. கதவைத் தட்டும் சத்தம்தான் கேட்டது.

திறந்தால், தாய்மாமன். பட்டு வேட்டியும் சட்டையுமாக மூச்சு வாங்க நிற்கிறார். அன்றைக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "யம்மா, கொயந்த வண்டி ஏறமாட்டேன்னு நின்னுக்கினு கீது. உங்க பால்கனியவே பாக்குது. கொஞ்சம் வெளிய வந்து தல காட்டும்மா."

நான் தலைகூட வாரவில்லை. அப்படியே பால்கனிக்குப் போனேன். கீழே, பட்டுப் புடவையும் பூவுமாக அவள் கார் கதவைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள். அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் அழுகையில் கோணிவிட்டது. "அக்கா, உங்கப்பா தெனம் எனக்குக் கை காட்டுவாரு" என்றாள்.

கம்பெனி பஸ் மெயின் ரோட்டில் வருவது தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எங்கள் பால்கனியிலிருந்து தெரியும். அவள் வீட்டை விட்டு இறங்கும்போது அப்பா கையைத் தூக்கினால் பஸ் வந்துவிட்டது, ஓடு என்று அர்த்தம். கையைக் கவிழ்த்து அமர்த்திக் காட்டினால் நேரம் இருக்கிறது, மெதுவாகப் போ என்று அர்த்தம். ஒருநாள் அவள் பஸ்ஸை விட்டுவிட்டு அழுதுகொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு அவராகவே ஆரம்பித்ததாம். அதற்குப் பிறகு அவள் ஒருநாள்கூடப் பஸ்ஸை விடவில்லையாம். இதையெல்லாம் அவள் தெருவில் நின்று அழுதுகொண்டே சொன்னாள். ஷிப்டுக்கு ஓடி ஓடியே காலத்தைக் கழித்த மனுஷன் அப்பா. பஸ்ஸை விட்டவளின் வயிற்றெரிச்சல் அவருக்குத் தெரியாதா என்ன.

இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நான் அடுப்படியில் நின்று, தோள்பட்டைப் பயிற்சி என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கீழே எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, அப்பா செய்வது மாதிரியே மெதுவாக அமர்த்திக் காட்டினேன். நேரம் இருக்கிறது, மெதுவாகப் போ. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

இப்போது நாங்கள் ஆவடி சேக்காட்டில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறோம். அவள் நசரத்பேட்டையில் புகுந்த வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள். கோடையில் மேற்கே வானம் கறுத்துக் காற்றுக் கிளம்பினால், "அக்கா, அங்க காத்தா? கதவச் சாத்திட்டியா?" என்று அவள் போன்தான் முதலில் வரும். அப்பாவுக்கு இந்த ஊரில் யாரையுமே தெரியாது என்று அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்து அன்றைக்கு அப்படி அழுதேனே, தெரியாமல் இருந்தது நான்தான் என்று அவள் குரலைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.